பில் போடுபவர் "இது யாருக்கு?" என்று கேட்டால்

"இவ்வளவு சர்க்கரையா, வீட்டில் விசேஷமா?" என்று சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுபவர் கேட்பது சும்மா பேச்சு. சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் பெரியவர்களுக்கான டயப்பர், ஆணுறை, கர்ப்பப் பரிசோதனை கிட் இவற்றைக் கையில் எடுத்து "யாருக்கு?" என்று கேட்டால், வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அது கேட்கும். பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று இல்லை. "பில் மட்டும் போடுங்கண்ணா" என்று நிதானமாகச் சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அடுத்த கேள்வியும் வரும்.

மருந்துக் கடையில் மட்டும் கொஞ்சம் கவனம். வயது என்ன, வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, அலர்ஜி உண்டா என்று மருந்தாளுநர் கேட்பது நம் நல்லதுக்குத்தான். மறைக்காதீர்கள், கூட்டமாக இருந்தால் "கொஞ்சம் தள்ளி வந்து பேசலாமா" என்று கேளுங்கள்.

அப்புறம், மொபைல் நம்பர். அதைச் சத்தமாகச் சொல்வதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. "நம்பர் வேண்டாம், பில் மட்டும் கொடுங்க" என்று தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.