பிரீகாஸ்ட் யார்டில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

கான்கிரீட் ஸ்லாபுகளை முன்கூட்டியே வார்த்து, அடுக்கி, சைட்டுக்கு அனுப்பும் இடம்தான் பிரீகாஸ்ட் யார்டு. ஹெல்மெட் போடாதது, தொங்கும் லோடுக்குக் கீழே நடப்பது போன்றவற்றை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அவற்றை விடுவோம். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சும் மாறாமல் செய்கிற, யாரும் நிறுத்தி விளக்காத சில தவறுகள் மட்டும் இங்கே.

மோல்டு ஆயில்

ஸ்லாபை வார்க்கும் அச்சில் (மோல்டில்) ஆயிலைக் கூடுதலாக அடித்தால் ஸ்லாப் ஒட்டாமல் வரும் என்று நினைக்கிறார்கள். வரும்தான். ஆனால் மூலையில் தேங்கிய ஆயில் பரப்பில் கறையாகவும் காற்றுக்குழியாகவும் தெரியும். விரல் வைத்தால் பிசுபிசுப்பு இருந்தால் போதும், வழியக் கூடாது. தேங்கியதைத் துணியால் ஒற்றி எடுங்கள். கம்பிக்கூட்டை இறக்கிய பிறகு ஆயில் அடிப்பது இன்னும் மோசம். ஆயில் பட்ட கம்பியைக் கான்கிரீட் சரியாகப் பிடிக்காது.

தண்ணீர்

கலவையில் ஊற்றாதீர்கள். கான்கிரீட் இறுகி வந்தால் பேட்ச்சிங் பிளான்ட்டுக்கு (கலவை தயாராகும் இடத்துக்கு) சொல்லுங்கள்.

அடுக்கும்போது கட்டை நகர்வது

ஸ்லாபுகளை அடுக்கும்போது ஒவ்வொன்றின் அடியிலும் தாங்கலுக்குக் கட்டை வைப்போம். அது இடம் மாறிப்போகும். எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது இதில்தான். செலவும் இதில்தான் அதிகம், ஏனென்றால் விரிசல் அன்றே கண்ணில் படாது. சைட்டில் இறக்கும்போது தெரியவரும். பழி லாரி டிரைவர் தலையில் விழும்.

சாதாரணக் கம்பி போட்ட ஸ்லாபுக்கு இரண்டே கட்டைகள். டிராயிங்கில் வேறு சொல்லாவிட்டால், ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 0.207 பங்கு உள்ளே வைக்க வேண்டும். 6 மீட்டர் ஸ்லாப் என்றால் 1.24 மீட்டர். அங்கே வைத்தால் கட்டைக்கு நேர் மேலே வரும் பெண்டிங் மொமென்ட்டும் (ஸ்லாபை வளைக்கும் தாக்கம்) நடுவில் வருவதும் சமமாகிவிடும். அதே ஸ்லாபை இரு முனைகளில் தாங்கினால் நடுவில் கிட்டத்தட்ட 6 மடங்கு வரும்.

முதல் அடுக்கை எல்லோரும் ஒழுங்காகத்தான் வைக்கிறார்கள். இரண்டாவதில்தான் கோட்டை விடுகிறார்கள். கீழ்க்கட்டை மறைந்திருக்கும், கிரேன் ஆபரேட்டர் அவசரப்படுத்துவார், குத்துமதிப்பாக ஓரிடத்தில் கட்டையைப் போட்டுவிடுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 150 மி.மீ. தடிமன் உள்ள ஸ்லாபின் எடை 2.7 டன். அடி ஸ்லாபின் மேல் இன்னும் ஐந்து ஏறினால் 13.5 டன்; ஒரு கட்டை வரிசைக்கு 6.75 டன். கட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று நேராக இருந்தால் இந்தப் பாரம் ஸ்லாபை வளைக்காமல் தரைக்குப் போய்விடும். மேல்கட்டைகள் இரு பக்கமும் 20 செ.மீ. உள்ளே தள்ளிப்போனால் அடி ஸ்லாபில் 1.35 டன்-மீட்டர் மொமென்ட். சொந்த எடையால் வரும் 0.35 சேர்ந்து 1.7. கான்கிரீட் 20 எம்.பி.ஏ. (மெகாபாஸ்கல்) வலிமையைத்தான் எட்டியிருக்கிறது என்றால், இந்த ஸ்லாப் சுமார் 1.4-லேயே விரிசல் விட்டுவிடும்.

"சேஃப்டிக்காக" நடுவில் மூன்றாவது கட்டை கொடுப்பவர்களும் உண்டு. தரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது. ஓரக்கட்டை சில மி.மீ. அமுங்கினாலே பாரம் நடுக்கட்டைக்கு மாறி ஸ்லாபின் மேல்பக்கம் விரியும். முக்கியக் கம்பியோ அடியில் கிடக்கிறது.

இந்த 0.207-ஐப் பிரீஸ்ட்ரெஸ் செய்த (கம்பியை முன்பே இழுத்து வார்த்த) ஹாலோகோர் (உள்ளே நீளத் துளைகள் ஓடும்) ஸ்லாபுக்குக் கொண்டுபோகாதீர்கள். அதற்குக் கட்டை முனைக்கு அருகில்தான். உள்ளே தள்ளினால் வெளியே நீளும் பகுதியின் மேல்பக்கம் பிளக்கும். அங்கே பெரும்பாலும் கம்பியே இருக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: அடிக்கட்டையின் மையத்துக்கு நேராக ஸ்லாபின் பக்கவாட்டில் சாக்பீஸ் கோடு போடுங்கள். அடுத்த கட்டையின் மையம் அந்தக் கோட்டில் உட்காரட்டும். இடையிடையே தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். கட்டைகள் ஒரே தடிமனில், லிஃப்டிங் ஹூக்கைவிட உயரமாக இருக்க வேண்டும். ஹூக் மேல் ஸ்லாப் உட்கார்ந்தால் போட்ட கோடெல்லாம் வீண்.

"கியூப் ரிசல்ட் வந்தாச்சு, தூக்கலாம்"

கியூப் என்பது வலிமையைப் பார்க்க உடைக்கும் கான்கிரீட் கனசதுரம். எந்தக் கியூப்? லேபில் வெதுவெதுப்பான தொட்டியில் கிடந்தது 15 எம்.பி.ஏ. காட்டும்போது, குளிர்ந்த இரவில் வெட்டவெளியில் கிடந்த ஸ்லாப் அதை எட்டியிருக்காது. தூக்குவதற்காக உடைக்கும் கியூப்களை ஸ்லாப் பக்கத்திலேயே, அதே தார்ப்பாய்க்குள் வையுங்கள். எவ்வளவு வலிமை வேண்டும் என்பது டிராயிங்கில் இருக்கும். மணிக்கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதல் தூக்கலில் எடையோடு ஒட்டுவிசையும் சேரும். ஆயில் தடவிய வழவழப்பான ஸ்டீல் மோல்டில்கூடச் சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ. மேலே சொன்ன ஸ்லாபின் பரப்பு 7.2 சதுர மீட்டர், ஆக 720 கிலோ கூடுதல். ஸ்லிங் (தூக்கும் கயிறு அல்லது சங்கிலி) கிடைமட்டத்தோடு 60 பாகையில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் இழுவிசை 15 சதவீதம் ஏறும். 30 பாகைக்கு இறங்கினால் இரட்டிப்பு. இத்தனையும் தாங்கும் முன்பே தூக்கினால், தூக்குவதற்காக உள்ளே பதித்த ஆங்கர் கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும். சைடு ஷட்டர் (மோல்டின் பக்கத் தடுப்பு) போல்ட் ஏதாவது கழற்றாமல் கிடக்கிறதா என்றும் ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுச் சிக்னல் கொடுங்கள்.

எண்

ஸ்லாப் எண், காஸ்ட் செய்த தேதி, எந்தப் பக்கம் மேலே: மூன்றையும் மோல்டிலிருந்து எடுத்த உடனே பக்கவாட்டில் எழுதுங்கள். மேல்பரப்பில் எழுதினால் அடுத்த ஸ்லாப் வந்து மூடிவிடும்.