லேடெக் சிவியில் கட்டுரைப் பட்டியல்: எண்கள் இறங்கு வரிசையில்

லேடெக் என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் எழுதும் சிவியில் (கல்வி, பணி விவரக் குறிப்பில்) புதிய கட்டுரைதான் மேலே இருக்க வேண்டும். ஆனால் அதற்கு எண் 1 கொடுத்துவிட்டால், அடுத்த கட்டுரை வந்ததும் எல்லா எண்களும் நகர்ந்துவிடும். ஆய்வு அறிக்கையில் "பட்டியலில் 7ஆவது" என்று குறிப்பிட்டது வேறு எதையோ காட்டும். அதனால் நான் முதல் கட்டுரைக்கு 1 கொடுத்து, புதியதற்குப் பெரிய எண் வருமாறு வைக்கிறேன். ஒருமுறை கொடுத்த எண் மாறக்கூடாது.

பத்துக் கட்டுரைக்குள் என்றால் எட்டாரெமுனே தொகுப்பு போதும். லேடெக்கின் வழக்கமான எண் பட்டியலான எனுமரேட் போலவே எழுதலாம், எண் இறங்கிக்கொண்டே வரும். கோப்பை லேடெக்கில் இரண்டு முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் மொத்தம் எத்தனை என்று அதற்குத் தெரியாது.

அதற்கு மேல் போனால், கட்டுரை விவரங்களைத் தனிக் கோப்பிலிருந்து எடுத்துப் பட்டியலாக்கும் பிப்லேடெக் தொகுப்பும், அதற்காக அவற்றை வரிசைப்படுத்தும் பைபர் நிரலும்தான். எண் இறங்க ஒரு சின்ன வேலை இருக்கிறது. அட்‌டேட்டாஇன்புட் கட்டளையில், ஒவ்வொரு பதிவு உள்ளே வரும்போதும் ஒன்று கூடும்படி ஒரு எண்ணி வையுங்கள். அப்புறம் பட்டியலில் எண்ணாக அச்சாகும் லேபிள்நம்பர் புலத்தின் வடிவத்தை மாற்றுங்கள்: மொத்தத்தோடு 1 கூட்டி, பிப்லேடெக் தரும் எண்ணைக் கழிக்க வேண்டும். எண்ணியின் பெயரில், பட்டியலைத் தனித்தனிப் பிரிவுகளாக்கும் ரெஃப்செக்‌ஷன் எண்ணையும் சேர்த்தால் ஒவ்வொரு பிரிவும் தனியாக எண்ணப்படும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். ஆய்விதழ், மாநாடு எல்லாம் ஒரே பிப் கோப்பில் (கட்டுரை விவரங்கள் இருக்கும் கோப்பில்) இருக்க, நோசைட் கட்டளையில் நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்து, அச்சிடும்போது மட்டும் வகை வாரியாக வடிகட்டுவார்கள். எண்ணியோ வடிகட்டியதைப் பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் எண்ணிவிடும். 9 ஆய்விதழ்க் கட்டுரைகளும் 14 மாநாட்டுக் கட்டுரைகளும் இருந்தால் மொத்தம் 23 என்றே வைத்துக்கொள்ளும். ஆகவே வகைக்கு ஒரு பிப் கோப்பு வைத்து, ரெஃப்செக்‌ஷனின் சதுர அடைப்புக்குள் அந்தக் கோப்பின் பெயரை மட்டும் கொடுங்கள். ஜே9, சி14 என்று முன்னெழுத்து வேண்டுமானால் நியூரெஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையில் அதற்கென்றே லேபிள்பிரிஃபிக்ஸ் என்ற விருப்பம் இருக்கிறது.

வரிசைப்படுத்த பிப்லேடெக்கின் ஒய்டிஎன்டி என்ற முறையை எல்லோரும் சொல்வார்கள். அது ஆண்டை இறங்குவரிசையில் வைக்கும்; ஆனால் ஒரே ஆண்டுக்குள் ஆசிரியர் பெயரைத்தான் பார்க்கும், மாதத்தைப் பார்க்காது. டிசம்பரில் வந்தது ஜனவரிக்கு அடியில் போய் உட்காரலாம், அதோடு பழைய எண்ணும் நகர்ந்துவிடும். டேட் புலத்தில் 2023-07 என்று மாதத்தோடு எழுதி, வரிசை முறையை நாமே வகுக்கும் டிக்ளேர்சார்ட்டிங்டெம்ப்ளேட் கட்டளையில் ஆண்டு, மாதம் இரண்டையும் இறங்குவரிசையில் கொடுங்கள்.

உங்கள் பெயரைத் தடித்த எழுத்தில் காட்ட, ஆசிரியர் வரிசையில் உங்கள் இடத்தை ஆதர்+ஏஎன் என்ற புலத்தில் குறித்துவிட்டு, பெயர் அச்சாகும் கட்டளைகளில் அந்தக் குறிப்பைச் சோதியுங்கள். பெயரைத் தேடி மாற்றும் தந்திரங்களை நான் நம்புவதில்லை. அதே பெயரில் வேறொருவர் கூட்டாசிரியராக வந்தால் அவர் பெயரும் தடித்துவிடும்.

பரிசீலனையில் உள்ள கட்டுரைக்கு நான் எண் தருவதே இல்லை. எண் இல்லாத தனிப் பிரிவில் கிடக்கட்டும், வெளியான பிறகு எண் வாங்கிக்கொள்ளும்.