மனுவில் பார்த்தது வேறு, கேட்டது வேறு

கடலூர் கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதும்போது, கண்ணால் பார்த்ததைத் தேதியோடு முதலில் எழுதுங்கள். பிறர் சொன்னதை ‘அக்கம்பக்கத்தார் சொன்னது’ என்று தனிப் பத்தியில் போடுங்கள். ‘மாசக்கணக்காகத் தெரு மூழ்கிக் கிடக்கிறது’ என்பதைவிட, ‘நவம்பர் 18 மழைக்குப் பிறகு நான்கு நாள் முழங்காலளவு தண்ணீர் நின்றது’ என்ற வரிக்குத்தான் பலம். மனு சம்பந்தப்பட்ட துறைக்குப் போகும். நேரில் விசாரிக்க வருபவரிடம் ஒரு வரி பொய்த்தால் மீதி உண்மையும் எடுபடாது. அப்புறம் மறுபடி மனு, மறுபடி பஸ் செலவு. கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் வேலை நடக்கும் என்று மனு எழுதிக் கொடுப்பவரே சொன்னாலும் இணங்காதீர்கள்.

அறுந்து விழுந்த மின்கம்பி மாதிரி ஆபத்துகளுக்கு இது பொருந்தாது. யார் சொல்லிக் கேட்டிருந்தாலும் சரி, உடனே மின்வாரியத்துக்குப் போன் செய்யுங்கள்.