நூலும் அட்டையும் போதும்: கோல்கோந்த் பார்க்க ஒரு மாணவர் நடை

கட்டடக்கலை மாணவர்களைப் புதுச்சேரிக்கு அழைத்து வருபவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில் நடையைத் தொடங்குகிறார்கள். நான் கோடையில், பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்குகிறேன். இங்குள்ள அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கோந்த் விடுதியைப் புரிந்துகொள்ள முதலில் உடம்பு வியர்க்க வேண்டும்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே கூடச் சொல்லுங்கள். பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அங்கே கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். ஆளுக்கு ஒரு சாண் தையல் நூலைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அது பறக்கும் திசையை நோட்டில் அம்புக்குறியாகப் போடட்டும். அந்த நேரத்தில் பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். பிறகு தெருக்களுக்குள் நடந்து, முனைக்கு முனை அதே நூலைப் பிடிக்க வேண்டும். உயர்ந்த மதில்களுக்கு நடுவே நூல் துவண்டு தொங்கும். அந்தப் புழுக்கத்தில் ஐந்து நிமிடம் நிற்க வையுங்கள்.

கோல்கோந்த் முன் வந்ததும் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வடிவமைத்தவர் செக் நாட்டில் பிறந்து டோக்கியோவில் அலுவலகம் நடத்திய அன்டோனின் ரேமண்ட். 1937இல் வேலை தொடங்கியது. அவரிடம் வேலை பார்த்த கட்டடக் கலைஞர்கள் ஜார்ஜ் நகாஷிமாவும் பிரான்டிசெக் சாமரும் இங்கேயே தங்கிக் கட்டினார்கள். கான்கிரீட் கட்டடங்களுக்குப் பெயர்பெற்ற சண்டிகர் நகரம் பிறப்பதற்குப் பத்தாண்டுக்கு மேல் முந்தைய கான்கிரீட் கட்டடம் இது. முதல் ஆண்டு நான் இதையே இருபது நிமிடம் விளக்கினேன். எல்லோரும் குனிந்து எழுதினார்கள், யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. தெற்கில் வெயிலைத் தடுக்க லூவர் பலகைகள், அதாவது சாய்த்துத் திறந்து மூடக்கூடிய கிடைமட்டப் பட்டைகள், வேண்டும், சரி. வடக்கில் எதற்கு? பெரும்பாலும் மௌனம்தான். புதுச்சேரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்திருக்கும். இதை அவர்களே வரைபடம் போட்டுக் கண்டுபிடிக்க அவகாசம் கொடுங்கள்.

அடுத்து அட்டை. பழைய நோட்டு அட்டையில் இரண்டு விரல் அகலப் பட்டைகள் எட்டு வெட்டி, இரு குச்சிகளுக்கிடையே குண்டூசியால் தளர்வாகக் குத்தி எடுத்து வாருங்கள். வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பட்டைகளை மெல்லச் சாய்த்தால், உள்ளங்கையில் விழும் ஒளிக்கோடுகள் மெலிந்து மறையும். அதே கணம் பின்னால் பிடித்த நூல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். வெயில் நின்றது, காற்று நிற்கவில்லை. ஒரு மாணவி இதைப் பார்த்துவிட்டு, “அப்படியென்றால் சுவரே தேவையில்லையே சார்” என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஆண்டுதோறும் இங்கே வருகிறேன்.

உள்ளே போவது உங்கள் கையில் இல்லை. அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்தவர்கள் வாழும் வீடு இது. முன்கூட்டியே எழுதி அனுமதி கேளுங்கள். மறுத்தால் தெருவோடு திரும்பிவிடுங்கள். அனுமதி கிடைத்தால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, பேசாமல் நடக்க வேண்டும். கருப்புக் கடப்பைக் கல் தரை, இடைவெளி விட்டுக் கோத்த தேக்குச் சட்டங்களாலான இழுவைக் கதவுகள், இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்தினாலும் அறைக்குள் காற்று வரும். எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்கு உள்ளே இருப்பவர் தெரிய மாட்டார்.

வெளியே வந்ததும், பேச்சு தொடங்கும் முன், நினைவிலிருந்து ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படம் (கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போன்ற படம்) வரையச் சொல்லுங்கள்: தெற்கு லூவர், அறை, கதவு, நடைவழி, வடக்கு லூவர். காற்றின் அம்புக்குறியை மட்டும் சிவப்புப் பென்சிலால் போடட்டும்.