பிடித்துச் செல்லப்பட்டவர் இரவில் அலறி எழும்பினால்

இலங்கையின் வன்னியில் 2006க்கும் 2009க்கும் இடையில் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பில் அகப்பட்டவர்கள் பலர், குறுகிய பயிற்சியோடு முன்னரங்குக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களின் மனவடு இன்னமும் ஆறவில்லை. அப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், முதலில் இரவைக் கவனியுங்கள்.

அலறி எழும்பும்போது தொட்டு உலுக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் கை வீசுவார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கு அடி விழுவது இப்படித்தான், அது கோபமல்ல. கால்மாட்டில், கைக்கு எட்டாத தூரத்தில் நின்று லைற்றைப் போடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, சாதாரணக் குரலில், "இது வீடு, நான்தான் நிக்கிறன், இப்ப மணி ரண்டு" என்று சொல்லுங்கள். வெறுங்காலைச் சீமெந்துத் தரையில் ஊன்றச் செய்யுங்கள். அந்தக் குளிர் அவரை இங்கே இழுத்து வரும். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும், ஐந்து நிமிடம். எண்ணிக்கை தவறினால் நீங்களும் சேர்ந்து எண்ணுங்கள். என்ன கனவு என்று அந்த நேரம் கேட்க வேண்டாம்.

கோயில் திருவிழா வெடியை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 2009இல் போர் முடிந்த மே மாதம் நெருங்கும்போது நித்திரை கெடும், எரிச்சல் கூடும்.

சாராயம் கனவை அடக்கும் என்று குடிப்பவர்கள் உண்டு. முன்னிரவில் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். வெறி இறங்கும் பின்னிரவில் கனவு இன்னும் மோசமாகும்.

"ஏன் ஓடி வரேல்ல?" என்று மட்டும் ஒருநாளும் கேட்காதீர்கள். ஓடியவருக்குப் பதிலாக வீட்டில் இன்னொருவரைப் பிடித்துப் போன காலம் அது. ஓடாமல் நின்று தம்பியைக் காப்பாற்றியவரிடம் அந்தக் கேள்வி போகும் ஆழம் கேட்பவருக்குத் தெரியாது.

இதெல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். மனவடுவுக்குக் கொடுக்கும் செர்ட்ரலின் போன்ற மருந்து வேலை செய்ய 4 முதல் 6 கிழமை எடுக்கும். முதல் கிழமைகளில் வயிற்றைப் பிரட்டும். பலர் அங்கேயே கைவிடுகிறார்கள். டொக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தினால் தலைசுற்றும், பதற்றம் கூடும். சாகிற கதை கதைத்தால், பயிருக்கு வைத்திருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே வீட்டைவிட்டு அகற்றுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள், இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருந்தால் எந்த டொக்டரிடமும் அதை மறைக்க வேண்டாம். எம்ஆர்ஐ காந்தத்தால் படமெடுப்பது. அதை எடுக்கும்போது இரும்புத் துண்டு உள்ளே அசையலாம். முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.