சின்ன உதைபந்தாட்டக் கழகத்துக்கு வீரர் சேர்ப்பது எப்படி?

முதலில் உங்கள் 22 பேரையும் ஆடும் இடவாரியாக எழுதுங்கள். யாருக்கு உயர்தரப் பரீட்சை, யார் கட்டாருக்குப் போகப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டார் என்று பக்கத்தில் குறியுங்கள். அந்த இடங்களுக்குத்தான் ஆள் தேவை.

வீரர் தெரிவை மாசியில் வையுங்கள். மார்கழி மழையில் மட்டக்களப்பு மைதானங்களில் தண்ணீர் நிற்கும். பந்து உருளாத இடத்தில் உயரமும் பலமும் மட்டும்தான் தெரியும். 30க்கு 20 மீற்றரில் நாலுக்கு நாலு, 6 நிமிட ஆட்டங்கள் போதும். பந்து வருமுன்னே, சுற்றி யார் நிற்கிறார் என்று தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிற பொடியனைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறந்த மாதத்தையும் கேளுங்கள்: ஒரே வயதுப் பிரிவில் தையில் பிறந்தவன் மார்கழியில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவன். சின்னவனைக் கழித்துவிடுவதுதான் எல்லாரும் செய்யும் பெரிய பிழை.

வெளியாளுக்குக் கொடுக்கும் காசு ஒரு பருவத்தோடு போய்விடும். அதே காசில் வாகரை போன்ற தூர ஊர்ப் பொடியன்கள் இரண்டு பேருக்குப் பஸ் காசும் சப்பாத்தும் கொடுக்கலாம். பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் யாரையும் இறக்காதீர்கள். முறைப்பாடு வந்தால் வென்ற ஆட்டமும் பறிபோகலாம்.