அசாகுசாவில் ஒரு காலை: ஜப்பானியக் கோயிலில் கும்பிடுவது எப்படி?

டோக்கியோவில் அசாகுசா பகுதியில் இருக்கும் சென்சோஜிதான் நான் பார்த்த முதல் ஜப்பானியக் கோயில். உண்டியலில் காசைப் போட்டேன். எங்கோ படித்தது நினைவுக்கு வர, பலமாக இரண்டு முறை கைதட்டினேன். பக்கத்தில் நின்ற பாட்டி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கைதட்ட வேண்டிய கோயில் கூப்பிடு தூரத்தில் இருந்தது. நான் நின்றது வேறு கோயில். நீங்களும் அப்படி நிற்காமலிருக்கத்தான் இந்தக் குறிப்பு.

படி 1: எந்தக் கோயில் என்று பாருங்கள்

வாசலில் இரண்டு தூண், மேலே இரண்டு குறுக்குச் சட்டம், நம் தோரணவாயில் போல ஒன்று நின்றால் அது ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் கோயில். அந்த வாயிலுக்கு 'டோரி' என்று பெயர். உள்ளே இருப்பவர்கள் 'கமி' எனப்படும் தெய்வங்கள். கோயில் பெயர் ஜின்ஜா, ஜிங்கு, தைஷா என்று முடியும். கூரை போட்ட பெரிய வாயில், ஊதுவத்திப் புகை, 'ஜி' என்று முடியும் பெயர் என்றால் பெரும்பாலும் புத்தக் கோயில்.

நூற்றாண்டுக் கணக்கில் இரண்டும் கலந்தே கிடந்தன. 1868இல் மெய்ஜி அரசு ஆணை போட்டுப் பிரித்தது. பிரித்த பிறகும் அக்கம்பக்கமாக இருப்பவை உண்டு. அசாகுசா அப்படி ஓர் இடம். 628ஆம் ஆண்டில் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி வலையில் கன்னோன் சிலை ஒன்று சிக்கியதாம். கன்னோன் வேறு யாருமல்ல, கருணையின் போதிசத்துவரான நம் அவலோகிதர்தான். ஊர்த் தலைவர் தன் வீட்டையே அதற்குக் கோயிலாக்கினார் என்பது தலபுராணம். வலையில் கிடைத்தவர் சென்சோஜியில்; வலை வீசிய இருவரும் ஊர்த் தலைவரும் பக்கத்திலுள்ள அசாகுசா ஜின்ஜாவில் தெய்வங்கள். அதனால் ஒரே காலையில் இரண்டு முறைகளையும் பழகிக்கொள்ளலாம். சென்சோஜி கருவறைக் கட்டடம் காலை 6 மணிக்கு, குளிர்காலத்தில் 6.30க்குத் திறக்கும். கட்டணம் கிடையாது. கூட்டம் சேருவதற்குள் போய்விடுங்கள்.

படி 2: உள்ளே நுழைவது

டோரிக்கு முன் நின்று ஒரு முறை தலைவணங்கிவிட்டு, பாதையின் ஓரமாக நடங்கள். நடுப்பாதை கமிக்கு உரியது. புத்தக் கோயில் வாயிலில் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுங்கள்; இதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

செருப்பை எங்கே விடுவது என்று தேட வேண்டாம். வளாகத்துக்குள் காலணியோடுதான் நடக்கிறார்கள். பாய் விரித்த தளமோ காலணி அடுக்கோ தென்பட்டால் மட்டும் கழற்றுங்கள். ஓட்டையில்லாத காலுறை நல்லது.

படி 3: கைகழுவும் தொட்டி

இங்கேதான் புதியவர்கள் திணறுகிறார்கள். தொட்டியில் நீளக் கைப்பிடி வைத்த அகப்பைகள் கிடக்கும். வலக்கையால் ஒன்றை எடுத்து நிறைய மொண்டுகொள்ளுங்கள். அந்த ஒரு மொண்டலே எல்லாவற்றுக்கும் போதவேண்டும். முதலில் இடக்கையில் கொஞ்சம் ஊற்றுங்கள். அகப்பையை இடக்கைக்கு மாற்றி வலக்கையைக் கழுவுங்கள். மீண்டும் வலக்கைக்கு மாற்றி, இட உள்ளங்கையில் நீரைத் தேக்கி வாய் கொப்பளியுங்கள். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது, தொட்டிக்குள் துப்பக் கூடாது. இடக்கையை மறுபடி நனையுங்கள். கடைசியாக அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தினால், மிச்ச நீர் கைப்பிடி வழியே வழிந்து நீங்கள் பிடித்த இடத்தைக் கழுவிவிடும். அடுத்தவர் எடுக்கப்போகிற கைப்பிடியையும் சுத்தம் செய்து வைக்கும் இந்த ஒரு அசைவுக்காகவே எனக்கு இந்தச் சடங்கு பிடித்துப்போனது.

கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையை எடுத்துவிட்டார்கள். குழாயில் விழும் நீரில் கையைக் காட்டினால் போதும்.

படி 4: கும்பிடுவது

உண்டியலில் நடுவில் துளையுள்ள 5 யென் காசு போடுவது வழக்கம். 'கோ-என்' என்ற உச்சரிப்புக்கு 'ஐந்து யென்' என்றும் பொருள், 'நல்ல தொடர்பு' என்றும் பொருள். காசைச் சுண்டி எறியாமல் மெல்லப் போடுங்கள்.

ஷின்டோ கோயிலில் கயிறோடு மணி இருந்தால் அசைத்துவிட்டு, இடுப்பு வளைய இரண்டு வணக்கம், இரண்டு கைதட்டல், மனத்துக்குள் வேண்டுதல், கடைசியில் ஒரு வணக்கம். சண்டிகேசுவரர் சன்னிதியில் கைதட்டிய அனுபவம் இங்கே கைகொடுக்கும். இசுமோ தைஷா போன்ற சில கோயில்களில் தட்டல் நான்கு.

புத்தக் கோயிலில் கைதட்டவே கூடாது. கைகூப்பித் தலைவணங்கினால் முடிந்தது. சென்சோஜி முற்றத்துக் கொப்பரையில் எழும் ஊதுவத்திப் புகையை உடம்பில் வலிக்கும் இடத்துக்குத் தள்ளிக்கொள்கிறார்கள். நாம் தீபாராதனையை ஒற்றிக்கொள்வது போல. நான் முழங்காலுக்குத் தள்ளினேன். உள்ளே கன்னோன் சிலையைத் தேடாதீர்கள். அது யார் கண்ணுக்கும் காட்டப்படாதது.

படி 5: சீட்டு எடுப்பது

100 யென் போட்டு உலோகக் குடுவையைக் குலுக்கினால் ஒரு குச்சி எட்டிப்பார்க்கும். அதிலுள்ள எண்ணைப் பார்த்து அதே எண் இழுப்பறையைத் திறந்து தாளை எடுங்கள். கிளி இல்லாத கிளி ஜோசியம். சென்சோஜியில் கெட்ட பலன் அதிகம் வரும் என்று பெயர். வந்தால் பக்கத்துக் கம்பியில் கட்டிவிட்டு வந்துவிடலாம்; நல்லது வந்தால் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரு வரி: வெளியே தாராளமாக, கருவறைக்குள் பலகையைப் பார்த்துவிட்டு.

நேரம் மிச்சமிருந்தால்

ஆற்றோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் மட்சுசியாமா ஷோதென் என்ற சின்னக் குன்றுக் கோயில். இங்கிருப்பவர் காங்கிதென், அதாவது நம் பிள்ளையார். அவரும் திரைக்குப் பின்னால்தான். இங்கே கொழுக்கட்டை கிடையாது, முள்ளங்கிதான் படையல். கோயிலிலேயே விற்கிறார்கள், வாங்கி வைத்துவிட்டுக் கைகூப்புங்கள். படைத்த முள்ளங்கியைப் பக்தர்கள் எடுத்துப்போகலாம் என்பதால், விடுதி அறையில் சாம்பார் வைக்க வழியில்லையே என்று வருந்தியபடி நானும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.